பிரின்சிபால் மூணு மாசம் லீவு, காலேஜ் எப்படி ஓடுச்சு: என் பழைய அஞ்சு ஸ்டாரை திருத்தி எழுதுறேன்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் பொண்ணை சேர்த்த கையோட இந்த காலேஜுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்து நீளமா ஒரு ரிவ்யூ எழுதியிருந்தேன். அதுல நான் ரொம்ப பெருமையா எழுதின விஷயம் என்னன்னா, ராத்திரி பதினொன்றரை மணிக்கு காலேஜ் பஸ் டைமிங் பத்தி ஒரு மெயில் போட்டேன், பத்தே நிமிஷத்துல பிரின்சிபாலே பதில் போட்டுட்டார், இப்படி ஒரு மனுஷன் இருக்கிற இடத்துல புள்ளைய கண்ண மூடிக்கிட்டு சேர்க்கலாம்னு. இப்ப அதை திரும்ப படிச்சா எனக்கே ஒரு மாதிரி கூச்சமா இருக்கு. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமை இருக்கிறவங்க படிங்க.

காலேஜ் பேரை இந்த தடவை போடலை, பழைய ரிவ்யூலயும் எடுத்துட்டேன். பேர் போட்டா அந்த மனுஷன் யாருன்னு தெரிஞ்சிடும், அவர் உடம்பு விஷயத்தை ஊருக்கு தண்டோரா போடுற வேலை எனக்கு வேண்டாம்.

போன செமஸ்டர் ஆரம்பிச்சு நாலாவது வாரம்னு நினைக்கிறேன், பொண்ணு வீட்டுக்கு வந்து சொன்னா, "அம்மா, சார் இன்னிக்கி மாடிப்படியில அப்படியே உக்காந்துட்டாரும்மா, எழுந்திருக்க முடியலை"ன்னு. மயக்கம்லாம் இல்லையாம், சும்மா உக்காந்திருக்கார், யாரோ ஒரு பையன் போய் தண்ணி குடுத்திருக்கான், பையனையே பாத்துக்கிட்டு இருந்திருக்கார், பேர் ஞாபகம் வரலையாம். காலேஜ்ல ஒவ்வொரு பிள்ளையோட பேரும் அவருக்கு தெரியும்னு பேர் எடுத்தவர் அவர். அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு சர்க்குலர் வந்துச்சு, பிரின்சிபால் மருத்துவ விடுப்புல போறார், மூணு மாசம், வைஸ் பிரின்சிபால் மேடம் பொறுப்பு பாப்பாங்கன்னு. அவ்ளோதான், ரெண்டு வரி.

ரெண்டு வரி சர்க்குலர் வந்தா வாட்ஸப் குரூப்ல ரெண்டாயிரம் வரி வரும்ல, வந்துச்சு. ஒருத்தர் ஹார்ட்டுன்னார், ஒருத்தர் மேனேஜ்மெண்டோட சண்டைன்னார், ஒரு அம்மா ஒரு படி மேல போய் "மனநிலை சரியில்லையாம், நம்ம பிள்ளைங்க சேஃப்பா"ன்னு போட்டாங்க. எனக்கு அங்கதான் சுர்ருன்னு ஏறுச்சு. நான் அக்கவுண்ட்ஸ் வேலை பாக்குறவ, டாக்டர் இல்ல, ஆனா எங்க ஆபீஸ்ல இதே மாதிரி ஒருத்தருக்கு ஆனப்போ கொஞ்சம் படிச்சு வச்சிருந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019ல தன்னோட நோய் பட்டியல்ல இந்த பர்ன் அவுட்டை, அதாவது வேலை பளுவுல ஆள் மொத்தமா களைச்சு போறதை, சேர்த்தப்பவே தெளிவா சொல்லிட்டாங்க, இது நோய் இல்ல, வேலை சம்பந்தப்பட்ட ஒரு நிலைமை, வேலை இடத்துல நாள்பட்ட அழுத்தத்தை சரியா சமாளிக்காம விட்டா வர்றதுன்னு. மூணு அடையாளம் சொல்றாங்க. உடம்புலயும் மனசுலயும் தெம்பு சுத்தமா வடிஞ்சு போறது, வேலை மேலயே ஒரு ஒட்டாத்தன்மை வர்றது, செய்யிற வேலை எடுபடலைங்கிற நினைப்பு வர்றது. அதாவது குறை அந்த ஆளுக்குள்ள மட்டும் இல்ல, வேலை அமைஞ்சிருக்கிற விதத்துலயும் இருக்கு. இதை குரூப்ல போட்டேன், ரெண்டு பேர் கட்டைவிரல் போட்டாங்க, மத்தவங்க ஹார்ட்டா சண்டையான்னு தொடர்ந்து பேசிக்கிட்டு இருந்தாங்க.

அந்த வாரமே பேரண்ட்ஸ் கமிட்டி கூடுச்சு, நான் அதுல இருக்கேன். ஒரு அப்பா எழுந்து நின்னு, "தலை இல்லாத உடம்பு எத்தனை நாள் நடக்கும், நான் என் பையனுக்கு டிசி வாங்கிடலாம்னு இருக்கேன்"ன்னார். ரெண்டு மூணு பேர் தலையாட்டினாங்க. உண்மைய சொல்லணும்னா நானும் பயந்துதான் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து தேடினேன், இந்த மாதிரி வேற எங்கயாச்சும் நடந்திருக்கா, அந்த காலேஜ்லாம் என்ன ஆச்சுன்னு.

நடந்திருக்கு, அதுவும் சாதாரண இடத்துல இல்ல, அமெரிக்காவோட ஹார்வர்டு யூனிவர்சிட்டியிலயே. 1994 நவம்பர் கடைசியில அங்க பிரசிடெண்டா இருந்த நீல் ரூடன்ஸ்டைன் அசதி தாங்காம மெடிக்கல் லீவுல போயிட்டார். சின்ன சின்ன விஷயத்தையும் தானே பாக்குற ஆள்னு பேரு அவருக்கு, அதோட சேர்ந்து 210 கோடி டாலர் நன்கொடை திரட்டுற வேலையும் அந்த வருஷம்தான் தொடங்கியிருந்துச்சு. ப்ரோவோஸ்டா, அதாவது பிரசிடெண்டுக்கு அடுத்த பொறுப்புல, இருந்த ஆல்பர்ட் கார்னசேல் தற்காலிகமா பொறுப்பை பாத்தார். ஒரு மூணு மாசம் கழிச்சு 1995 ஆரம்பத்துல ரூடன்ஸ்டைன் திரும்பி வந்தார். நியூஸ்வீக் பத்திரிகை அவரை அட்டைப்படத்துல போட்டு மொத்த நாடும் களைச்சு போயிருக்குன்னு கதை எழுதுச்சு. அப்புறம் 2001 வரைக்கும் அவரே பிரசிடெண்ட், அந்த நன்கொடையும் 1999ல முடிஞ்சப்போ 260 கோடி பக்கம் வந்துடுச்சு. இதை சொன்னதும் டிசி வாங்குறேன்னவர் கொஞ்சம் அடங்கினார். "அது ஹார்வர்டு மேடம், இது நம்ம காலேஜ்"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டுத்தான் அடங்கினார், அதுல நியாயமும் இருந்துச்சு.

சரி, நம்ம காலேஜ் கதைக்கு வர்றேன்.

முதல் ரெண்டு வாரம் கேவலம். மறைக்க மாட்டேன். ஃபீஸ் கட்ட கடைசி தேதி நீட்டிச்சாச்சுன்னு ஒரு நோட்டீஸ், நீட்டிக்கலைன்னு அடுத்த நாள் இன்னொரு நோட்டீஸ். முதல் இன்டர்னல் டைம்டேபிள்ல ஒரே நாள் ஒரே நேரத்துல ரெண்டு பேப்பர் போட்டிருந்தாங்க, ரெண்டையும் எழுத வேண்டிய பிள்ளைங்க நாப்பது பேர், அதுல என் பொண்ணும் ஒருத்தி. ஆபீஸ்ல போய் கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில், "சார் வந்தாத்தான் தெரியும்." சார் மூணு மாசம் வர மாட்டார்யா, அதுக்குத்தானே லீவு. கிளார்க்ல இருந்து ஹெச்.ஓ.டி. வரைக்கும் எல்லாரும் இதையே சொன்னாங்க, பாவம் அவங்களுக்கும் நிஜமாவே தெரியாது, ஏன்னா இத்தனை வருஷமா எதையும் அவங்க முடிவு பண்ண வேண்டி வந்ததே இல்ல.

மூணாவது வாரம் டைம்டேபிள் விஷயமா மேடத்தை பாக்க போனேன். அவங்க பிரின்சிபால் ரூம்ல உக்காரலை, தன்னோட பழைய சின்ன ரூம்லயேதான் இருந்தாங்க, ஆனா பிரின்சிபால் ரூம்ல இருந்த பைல் எல்லாம் இங்க வந்து தரையில குவிஞ்சு கிடக்கு. உக்கார சேர் இல்ல, சேர் மேலயும் பைல். "நீங்க அக்கவுண்ட்ஸ்தானே, ஒரு நிமிஷம் இதை பாருங்களேன்"னு ஒரு கட்டை எடுத்து கையில குடுத்தாங்க. பாத்தேன். ப்ரொஜெக்டர் பல்பு மாத்த அப்ரூவல். கெமிஸ்ட்ரி லேபுக்கு பிப்பெட் வாங்க அப்ரூவல். ஒரு லெக்சரர் அரை நாள் லீவு. லைப்ரரி கதவுக்கு தாழ்ப்பாள். ஒரு பையனோட போனஃபைட் சர்டிஃபிகேட், அவன் கேட்டு மூணு வாரம் ஆச்சு. எல்லாத்துலயும் கடைசி கையெழுத்து ஒரே ஆள், பிரின்சிபால். எங்க ஆபீஸ்ல எவ்ளோ தொகைக்கு யார் கையெழுத்து போடலாம்னு ஒரு பட்டியல் சுவத்துல ஒட்டியிருப்போம், சின்ன கம்பெனிதான் எங்களுது, எங்ககிட்டயே அது இருக்கு. இங்க அந்த பட்டியலே கிடையாது. அந்த மனுஷன் காலையில ஏழு மணிக்கு கேட்டுல நிப்பார், ராத்திரி பத்து மணிக்குத்தான் கிளம்புவார்னு நாங்கல்லாம் பெருமையா பேசுவோம்ல, அந்த பதினஞ்சு மணி நேரத்துல பாதி தாழ்ப்பாளுக்கும் பல்புக்கும் போயிருக்கு.

மேடம் பண்ணது ரொம்ப சிம்பிள். எல்லா பைலையும் மூணா பிரிச்சாங்க. ஹெச்.ஓ.டி.யே முடிக்க வேண்டியது ஒரு குவியல், ஆபீஸ் சூப்பரின்டென்ட் முடிக்க வேண்டியது ஒரு குவியல், உண்மையிலேயே பிரின்சிபால் கண்ணுல பட வேண்டியது ஒரு குவியல். மூணாவது குவியல் ஒரு கை நீளம் கூட இல்ல. அதை காட்டி அவங்க எதுவும் சொல்லலை, நானும் எதுவும் சொல்லலை, ஆனா ரெண்டு பேருக்கும் வயித்தை என்னமோ பண்ணுச்சுன்னு நினைக்கிறேன்.

அதுக்கப்புறம் நடந்த மாற்றத்தை ஒரு பேரண்டா எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். போனஃபைட் சர்டிஃபிகேட் காலையில எழுதி குடுத்தா சாயங்காலம் கையில. இன்டர்னல் மார்க் முன்னாடி அடுத்த இன்டர்னல் வர்ற வரைக்கும் தொங்கும், இப்ப பத்து நாளைக்குள்ள போர்டுல ஒட்டிடுறாங்க. எந்த கேள்விக்கு எவ்ளோன்னு பேப்பரை பிள்ளைங்க கையிலயே குடுத்து பாக்க சொல்றாங்க. லைப்ரரி முன்னாடி அஞ்சு மணிக்கு மூடும், ராத்திரி ஒன்பது வரைக்கும் திறந்து வைங்கன்னு பிள்ளைங்க ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தாங்க, பிரின்சிபால் முடியாதுன்னு சொன்னதே இல்லையாம், அந்த கடிதம் அவர் டேபிளுக்கு போற வரிசையிலயே மாட்டிக்கிச்சு. லைப்ரரியன்கிட்ட மேடம் நேரா கேட்டிருக்காங்க, உங்களால முடியுமான்னு. அவர் ரெண்டு ஷிப்ட் போட்டா முடியும்னார், அடுத்த திங்கள்கிழமையே திறந்துட்டாங்க. ஒரு வாரம்! ரெண்டு வருஷம் காத்துக்கிடந்த விஷயம் ஒரு வாரம்!

என் பொண்ணோட டிபார்ட்மெண்ட் ஹெச்.ஓ.டி.ய பத்தி தனியா சொல்லணும். மனுஷன் வாயே திறக்க மாட்டார், மீட்டிங்ல மூலையில உக்காந்து டைரியில எதையோ கிறுக்கிக்கிட்டு இருப்பார், நாங்கல்லாம் இவர் எதுக்கு இருக்கார்னே பேசியிருக்கோம். அவர் கையில அதிகாரம் வந்த ஒரு மாசத்துல மூணு கம்பெனிய பேசி பிடிச்சு மூணாம் வருஷ பிள்ளைங்களுக்கு இன்டர்ன்ஷிப் ஏற்பாடு பண்ணிட்டார். எப்படி சார் இவ்ளோ சீக்கிரம்னு கேட்டேன். "சீக்கிரம்லாம் இல்லம்மா, இது நாலு வருஷமா டைரியில இருக்கு"ன்னார். அந்த டைரியில கிறுக்கிக்கிட்டு இருந்தது அதுதான் போல. நாங்க பேசினதையெல்லாம் நினைச்சு அன்னிக்கி முழுக்க எனக்கு மனசு சரியில்ல.

இன்னொரு நல்ல விஷயம், மேடம் தினமும் சாயங்காலம் ஒரு பக்கத்துல ஒரு ரிப்போர்ட் தயார் பண்ண சொன்னாங்க. எத்தனை கிளாஸ் நடந்துச்சு, எது நடக்கலை, யார் லீவு, எந்த லேப்ல என்ன ரிப்பேர், ஹாஸ்டல்ல என்ன புகார். அது எல்லா ஹெச்.ஓ.டி.க்கும் போகும். இதை கேட்டதும் எனக்கு நான் தேடி படிச்ச இன்னொரு கதை ஞாபகம் வந்துச்சு. அமெரிக்காவுல அலபாமாவுல டஸ்கிகீன்னு ஒரு இடம், அடிமைத்தனம் ஒழிஞ்சு கொஞ்ச வருஷத்துல, 1881ல, கறுப்பின பிள்ளைங்களுக்காக அங்க ஒரு காலேஜ் ஆரம்பிச்சாங்க, அதுக்கு புக்கர் டி. வாஷிங்டன்தான் பிரின்சிபால். அவருக்கு பாதி நேரம் ஊர் ஊரா போய் நன்கொடை கேக்குறதே வேலை. 1899ல நண்பர்கள் எல்லாம் சேர்ந்து, நீ ரொம்ப களைச்சு போயிட்ட, ஐரோப்பாவுக்கு போய் ரெஸ்ட் எடுன்னு பணத்தை கையில குடுத்திருக்காங்க. அவர் என்ன சொன்னார் தெரியுமா, நான் இல்லைன்னா காலேஜ் செலவுக்கு பணம் வராதே, நான் எப்படி போறதுன்னு. அதுக்கும் பணம் திரட்டியாச்சு, கிளம்புன்னு அனுப்பி வச்சிருக்காங்க. கப்பல்ல ஏறினதும் மனுஷன் ஒரு நாளைக்கு பதினஞ்சு மணி நேரம் தூங்கியிருக்கார், எவ்ளோ களைச்சு போயிருந்தோம்னு அப்பதான் தனக்கே புரிஞ்சுதுன்னு பின்னாடி எழுதியிருக்கார். பத்தொன்பது வருஷத்துல அவர் எடுத்த ஒரே லீவு அந்த மூணு மாசம்தானாம்.

அந்த காலேஜ் அவர் இல்லாமயும் ஓடுச்சு, ஏன்னா ஏற்கெனவே எண்பத்தாறு பேர்கிட்ட வேலைய பிரிச்சு குடுத்து வச்சிருந்தார். அது சரி. ஆனா ஒரு இடத்துல எனக்கு சிரிப்பா வந்துச்சு. ஊர்ல இல்லாத நாள்ல கூட அவருக்கு தினமும் ரிப்போர்ட் போகணும், அதுல பண்ணையில எத்தனை கேலன் பால், எத்தனை பவுண்டு வெண்ணெய், பிள்ளைங்களுக்கு போட்ட கறி வேக வச்சதா சுட்டதா, காய் கடையில வாங்கினதா சொந்த தோட்டத்துல பறிச்சதா, அது வரைக்கும் இருக்குமாம்! வேலைய குடுத்துட்டார், கண்ணை எடுக்க மனசு வரலை. திரும்பி வந்து பழையபடி ஓடி ஓடி 1915ல 59 வயசுல போய் சேர்ந்துட்டார். இங்க மேடம் பண்ணதுல எனக்கு பிடிச்சது, அந்த தினசரி ரிப்போர்ட்டை பிரின்சிபாலுக்கு அனுப்பவே இல்ல. கமிட்டியில ஒருத்தர் "சாருக்கு ஒரு காப்பி போட்டா அவருக்கும் நிம்மதியா இருக்குமே"ன்னப்போ, "அவருக்கு நிம்மதி இருக்காது சார், அவர் படிச்சா பதில் போடுவார்"னாங்க. அவங்க அவரை நல்லா தெரிஞ்சு வச்சிருக்காங்க.

இப்ப குறை. ஒண்ணொண்ணா சொல்லலை, பெருசா பட்ட மூணை மட்டும் சொல்றேன்.

ரெண்டு டிபார்ட்மெண்ட் தனித்தனியா ஒரே சாஃப்ட்வேரை வாங்கிட்டாங்க. ஒருத்தருக்கு இன்னொருத்தர் வாங்குறது தெரியாது. முன்னாடி எல்லாம் ஒரே டேபிளுக்கு போனதால இது நடந்திருக்காது, அந்த ஒரு நன்மை பழைய முறையில இருந்துச்சுன்னு ஒத்துக்கணும். கணக்கு பாக்குறவளா எனக்கு அது உறுத்துச்சு, மேடம்கிட்ட சொன்னேன், அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை வாங்குற லிஸ்டை எல்லாரும் பாக்குற மாதிரி வச்சாங்க.

ரெண்டாவது, எல்லா ஹெச்.ஓ.டி.யும் என் பொண்ணோட ஹெச்.ஓ.டி. மாதிரி இல்ல. ஒருத்தர் கையில அதிகாரம் வந்ததும் அட்டெண்டன்ஸ்ல புகுந்து விளையாட ஆரம்பிச்சுட்டார், ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா ஆப்சென்ட், தனக்கு பிடிக்காத பிள்ளைன்னா ரெக்கார்ட் நோட்டுல கையெழுத்து போடாம இழுத்தடிக்கிறது. முன்னாடின்னா பிள்ளைங்க நேரா பிரின்சிபால்கிட்ட போயிடும். இப்ப எங்க போறதுன்னு தெரியாம ஒரு மாசம் தவிச்சாங்க. கடைசியில புகார் குடுக்க தனியா ஒரு ஆளை வச்சாங்க, ஆனா அந்த ஒரு மாசம் பிள்ளைங்க பட்டது பட்டதுதானே.

மூணாவதுதான் எனக்கு மனசுல நிக்கிறது. ஒரு பையன், அப்பா இல்ல, ஃபீஸ் கட்ட முடியலை. பிரின்சிபால் இருந்தா அவன் மூஞ்சிய பாத்தே என்னடான்னு கேட்டு அங்கயே எழுதி குடுத்திருப்பார், இப்படி எத்தனையோ பிள்ளைங்களுக்கு பண்ணியிருக்கார். புது முறையில அதுக்கு ஒரு ஃபார்ம், மூணு கையெழுத்து. மூணாவது கையெழுத்து போட வேண்டியவர் அன்னிக்கி லீவு. ஹால் டிக்கெட் குடுக்க கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த பையன் ஆபீஸ் வாசல்ல நிக்கிறதை என் பொண்ணுதான் பாத்து மேடம்கிட்ட இழுத்துட்டு போனா. வேலை முடிஞ்சுடுச்சு, பரீட்சை எழுதிட்டான். ஆனா யாரும் பாக்கலைன்னா? சிஸ்டம்ங்கிறது நல்லதுதான், அதுக்கு மூஞ்சி பாக்க தெரியாது. பிரின்சிபாலோட அருமை எனக்கு உண்மையில அன்னிக்கித்தான் புரிஞ்சுது, அவர் தாழ்ப்பாளுக்கு கையெழுத்து போட்டுக்கிட்டு இருந்த நேரமெல்லாம் இதுக்குன்னு இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு.

ஹாஸ்டல் தண்ணி பிரச்சனை அப்பவும் தீரலை இப்பவும் தீரலை, அது யார் வந்தாலும் தீராது போல, விடுங்க.

மூணு மாசம் முடிஞ்சு சார் வந்தார். முதல் மாசம் காலையில மட்டும், மதியம் கிளம்பிடணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார். ஆள் பாதியா இருப்பார்னு நினைச்சேன், இல்ல, மூஞ்சி தெளிவா இருந்துச்சு, கண்ணுக்கு கீழ இருந்த கருப்பு போயிருந்துச்சு. அவர் வந்த அன்னிக்கி என்ன நடந்துச்சு தெரியுமா, பழைய பழக்கத்துல ஆபீஸ் பாய் ஒரு கட்டு பைலை தூக்கிட்டு போய் அவர் டேபிள்ல வச்சுட்டான், வாசல்ல பேரண்ட்ஸ் ஏழெட்டு பேர் வரிசையா உக்காந்தாச்சு. யாரும் கூப்பிடலை, தானா வந்து உக்காந்தாங்க. அவர் இல்லாதப்போ ரெண்டு நாள்ல முடிஞ்ச வேலைக்கு, அவர் வந்துட்டார்ங்கிற ஒரே காரணத்துக்காக, திரும்ப அவர்கிட்டயே வந்து நிக்கிறோம். ஒத்துக்குறேன், அந்த வரிசையில நானும் இருந்தேன். இன்டர்ன்ஷிப் கடிதத்துல ஒரு தேதி தப்பு, ஹெச்.ஓ.டி. ரூம் பக்கத்துலயே இருக்கு, நான் எதுக்கு அங்க போய் உக்காந்தேன்னு எனக்கே தெரியலை.

என் முறை வந்துச்சு, கடிதத்தை பாத்தார். "இதை ஹெச்.ஓ.டி.யே திருத்தலாமேம்மா, என்கிட்ட எதுக்கு வந்துச்சு?"ன்னார். கோபம்லாம் இல்ல, நிஜமாவே தெரிஞ்சிக்கத்தான் கேட்டார். நான் அசடு வழிஞ்சேன். அப்புறம் அவரே, "பழக்கம் இல்லம்மா, எனக்கும்தான்"னு சிரிச்சார். லீவுல முதல் ரெண்டு வாரம் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாராம், எங்க போறதுன்னு தெரியாம. காலேஜ் நல்லா நடக்குதுன்னு யாரோ போன்ல சொன்னப்போ முதல்ல சந்தோஷமா இருந்துச்சாம், அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சாம், அப்ப நான் எதுக்குன்னு. இதை ஒரு பேரண்ட்கிட்ட சொல்லணும்னு அவருக்கு அவசியமே இல்ல, சொன்னார். இப்ப அவர் காலையில ஒரு மணி நேரம் பிள்ளைங்களை பாக்குறார், யார் வேணா போகலாம், பைல் அந்த நேரத்துல உள்ள வராது. அந்த ஹால் டிக்கெட் பையன் மாதிரி ஆளுங்க இனிமே அங்க போவாங்க. அதுக்காகவே தனியா ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

அப்ப மொத்தம் எத்தனை ஸ்டார்னா, நாலு. பிள்ளைய சேர்க்கலாமான்னு கேக்குறவங்களுக்கு, தாராளமா சேர்க்கலாம், முன்னாடி இருந்ததை விட இப்ப நல்லா இருக்கு, சந்தேகமே இல்ல. தலைவர் படுத்த நேரத்துல காலேஜ் படுக்கலை, எழுந்து நின்னுச்சு, இதை நான் கண்ணால பாத்தேன். ஹாஸ்டல்ல சேர்க்குறதா இருந்தா மட்டும் போய் ஒரு தடவை தண்ணிய திறந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஒரு ஸ்டார் எதுக்கு குறைச்சேன்னா அது தண்ணிக்கு இல்ல. போன வாரம் இந்த ரிவ்யூவுக்காக ஒரு விஷயம் சரிபாக்கணும்னு வைஸ் பிரின்சிபால் மேடத்துக்கு ஒரு மெயில் போட்டேன், லைப்ரரி நேரம் பரீட்சை சமயத்துலயும் அதேதானான்னு. அவசரமே இல்ல, சாயங்காலம் ஆறு மணிக்கு போட்டேன், மெதுவா பாத்து சொல்லுங்கன்னு கீழ எழுதியிருந்தேன். பிரிச்ச பைல்ல மூணாவது குவியல் சின்னதுதான், ஆனா மத்த ரெண்டு குவியல்ல எது எங்க தட்டினாலும் கடைசியில கேள்வி அவங்ககிட்டதான் வருது. சாஃப்ட்வேர் லிஸ்ட் அவங்க பாக்குறாங்க, அந்த அட்டெண்டன்ஸ் ஹெச்.ஓ.டி. பஞ்சாயத்து அவங்க பாக்குறாங்க, தினசரி ரிப்போர்ட் அவங்கதான் படிச்சு முடிக்கிறாங்க, போதாததுக்கு அவங்க எடுக்குற கிளாஸையும் குறைச்சுக்கலை, சார் வந்தப்புறமும் அவர்மேல பாரம் ஏறிடக்கூடாதுன்னு பாதிய தன்கிட்டயே வச்சிருக்காங்க. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க, வாரத்துக்கு 35ல இருந்து 40 மணி நேரம் வேலை பாக்குறவங்களோட ஒப்பிட்டா 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ பாக்குறவங்களுக்கு பக்கவாதம் வர்ற வாய்ப்பு 35 சதவீதம் அதிகம், இதய நோயில சாகுற வாய்ப்பு 17 சதவீதம் அதிகம்னு. 2016ல மட்டும் இப்படி நீண்ட நேர வேலையால உலகம் முழுக்க ஏழு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரம் பேர் செத்திருக்காங்க. பிரின்சிபாலுக்காக பிரிண்ட் எடுத்து கமிட்டி மீட்டிங்ல குடுத்தேன் அந்த பேப்பரை. மேடம் வாங்கி மடிச்சு ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டாங்க.

மெயிலுக்கு பதில் வந்துச்சு. ரொம்ப விவரமா, அழகா, பரீட்சை சமயத்துல பத்து மணி வரைக்கும்னு, கூடவே ஒரு டைம்டேபிளும் இணைச்சு. காலையில எழுந்துதான் பாத்தேன், வந்த நேரம் ராத்திரி 1.40.

பழைய ரிவ்யூவா இருந்தா இதுக்கு ஒரு ஸ்டார் சேர்த்திருப்பேன். இப்ப அதே ஸ்டாரை கையில வச்சிருக்கேன், மேடத்துகிட்ட இருந்து பதில் மறுநாள் காலையில பத்து மணிக்கு மேல வர ஆரம்பிச்சா குடுக்குறேன்.